கொசுப்புழுவின் கடைசிச் சாப்பாடு

முதலில் ஒரு விடுகதை. பழுப்பு நிறத்தில் ஒரு பொடி இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் அதைத் தூவினால், அதில் நெளியும் கொசுப்புழுக்கள் ஒரே நாளில் செத்துப்போகும். அதே தண்ணீரில் நீந்தும் மீன்குஞ்சு அந்தப் பொடியை விழுங்கிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டே போகும். தலைப்பிரட்டைக்கு ஒன்றும் ஆகாது. தட்டானின் குஞ்சுக்கும் ஒன்றும் ஆகாது. கொசுப்புழுவுக்கு எமனாகவும் மற்றவர்களுக்கு வெறும் சாப்பாடாகவும் இருக்கிற அந்தப் பொடி எது?

அது ஒரு பாக்டீரியாவிலிருந்து செய்த பொடி. பாக்டீரியாவின் பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். வாய் வலிக்கிறதா? விஞ்ஞானிகளுக்கும் வலித்திருக்கும் போல, அவர்களே பி.டி.ஐ. என்று சுருக்கிவிட்டார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

இந்தப் பி.டி.ஐ. எப்படி ஆள் பார்த்துக் கொல்கிறது? பதில் சொல்ல மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: உடலின் செல், நுண்ணுயிர், உணவு. நர்சிங் படிக்கும் அக்காக்களையும் அண்ணன்களையும் கேட்டுப் பாருங்கள். இந்த மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் படித்துப் பரீட்சை எழுதுவார்கள். மூன்றும் ஒன்றாகச் சேரும் ஓர் இடம் இருக்கிறது. அதுதான் குடல். வாருங்கள், ஒரு கொசுப்புழுவின் குடலுக்குள் போய்ப் பார்ப்போம்.

உழவர்கரையில் ஒரு கொசு ஆராய்ச்சிக்கூடம்

புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சியில் கோரிமேடு என்றதும் எல்லோருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் அதன் ஆரம்பம். ஜிப்மர் என்ற பெயர் 1964-ல் வந்தது. அதே பகுதியில், இந்திரா நகரில், இன்னொரு நிறுவனமும் இருக்கிறது. அங்கே கொசுவை வளர்ப்பார்கள். கொசுவுக்குச் சாப்பாடு போடுவார்கள். எல்லாம் கொசுவை ஒழிப்பதற்காக! அதன் பெயர் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை 1975-ல் தொடங்கியது. ஆங்கில எழுத்துகளால் வி.சி.ஆர்.சி. என்பார்கள்.

அதை ஏன் புதுச்சேரியில் வைத்தார்கள்? இந்த ஊருக்கும் கொசுவுக்கும் நெடுநாள் பகை. ஒரு காலத்தில் இங்கே யானைக்கால் நோய் பரவலாக இருந்தது. மிக மெல்லிய ஒரு புழு மனித உடலில் குடியேறுவதால் அந்த நோய் வருகிறது. ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு அதைச் சுமந்து செல்வது சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நோய்ப் புழுவின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் பகலில் உடலின் ஆழத்தில், நுரையீரலின் ரத்தக்குழாய்களில் தங்கியிருக்கும். இரவானால் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்துக்கு வந்துவிடும். கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். அதனால்தான் யானைக்கால் சோதனைக்கு ரத்தம் எடுக்கிற சுகாதார ஊழியர்கள் ஊர் அடங்குகிற நேரத்தில் வீடு வீடாக வருவார்கள்.

1981 முதல் 1985 வரை வி.சி.ஆர்.சி.காரர்கள் புதுச்சேரியில் ஒரு பெரிய முயற்சி செய்தார்கள். தண்ணீர் தேங்காமல் பார்ப்பது, கொசுப்புழு தின்னும் மீன்களை விடுவது என்று பல வழிகளை ஒன்றுசேர்த்து யானைக்கால் கொசுவை எதிர்த்தார்கள். கொசுவைக் கொல்லும் பாக்டீரியாக்களையும் தேடினார்கள். அப்படி அவர்கள் தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்த பி.டி.ஐ. வகை ஒன்றுக்கு பி-17 என்று எண் கொடுத்தார்கள். அதிலிருந்து மருந்து தயாரிக்கும் முறையை இந்திய நிறுவனங்கள் வாங்கிக்கொண்டு தயாரிக்கின்றன.

முதன்முதலில் பி.டி.ஐ. கிடைத்தது பாலைவனத்தில். 1976-ல் இஸ்ரேல் நாட்டின் நெகேவ் பாலைவனத்தில் யோயல் மார்கலித் என்ற விஞ்ஞானி வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையைப் பார்த்தார். அதில் கொசுப்புழுக்கள் கும்பல் கும்பலாகச் செத்துக் கிடந்தன. யாரும் மருந்து அடிக்கவில்லை. பிறகு எப்படிச் செத்தன? அந்தச் சேற்றை எடுத்து வந்து ஆராய்ந்தபோதுதான் இந்தப் பாக்டீரியா அகப்பட்டது.

பட்டினி வந்தால் படிகம்

பி.டி.ஐ. ஒரு சின்னக் குச்சி வடிவப் பாக்டீரியா. நம் உடலில் கோடி கோடியாகச் செல்கள் இருக்கின்றன. இதற்கோ உடல் முழுக்க ஒரே ஒரு செல்தான். நீளம் சில மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர்.

சாப்பாடு கிடைக்கும்வரை இது வளரும், இரண்டாகப் பிரியும், மறுபடி பிரியும். சாப்பாடு தீர்ந்துவிட்டால் வேறு வேலையில் இறங்கும். தனக்குள்ளேயே தடித்த சுவர் கொண்ட ஒரு வித்தை உண்டாக்கும். வெயில், வறட்சி எது வந்தாலும் அந்த வித்து தாங்கும். நல்ல காலம் வந்ததும் அதிலிருந்து மறுபடி பாக்டீரியா முளைக்கும்.

வித்து உண்டாகும்போதே அதன் பக்கத்தில் ஒரு படிகமும் உருவாகிறது. முழுக்க முழுக்கப் புரதம். முட்டையில் இருக்கிறதே, பருப்பில் இருக்கிறதே, அதே புரத இனம்தான். ஈரத்தை நீக்கிப் பார்த்தால், பாக்டீரியாவின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் படிகமாக இருக்கும். பட்டினி கிடக்கும் ஓர் உயிர் இவ்வளவு செலவு செய்து இதை ஏன் செய்கிறது? கொஞ்சம் பொறுங்கள், புழுவின் குடலில் பதில் இருக்கிறது.

குடலுக்குள் நடப்பது

கொசுப்புழு எப்படிச் சாப்பிடுகிறது தெரியுமா? அதன் வாயில் இரண்டு தூரிகைகள் உண்டு. அவற்றை இடைவிடாமல் ஆட்டித் தண்ணீரை வாய்ப்பக்கம் இழுக்கும். தண்ணீரில் மிதக்கும் பாசித்துகள், மக்கிய இலைத்துகள், பாக்டீரியா, எது வந்தாலும் உள்ளே போகும். பார்த்துத் தின்னும் பழக்கம் அதற்கு இல்லை. அப்படித்தான் ஒருநாள் பி.டி.ஐ. படிகமும் உள்ளே போய்விடுகிறது.

படிகம் சாதாரணத் தண்ணீரில் கரையாது. நம் வயிறு மாதிரி அமிலத்தன்மையுள்ள வயிற்றிலும் சரியாகக் கரையாது. கொசுப்புழுவின் குடல் வேறு விதம். அங்கே காரத்தன்மை அதிகம். இது மிளகாயின் காரம் இல்லை. அமிலத்துக்கு எதிரான குணம். விஞ்ஞானிகள் இதை பி.எச். என்ற அளவால் குறிப்பார்கள். சுத்தமான தண்ணீருக்கு 7. எலுமிச்சைச் சாற்றுக்கு 2-ஐ ஒட்டி வரும். நம் இரைப்பையும் ஏறக்குறைய அந்த அளவுதான். 7-க்கு மேலே போகப் போகக் காரத்தன்மை. கொசுப்புழுவின் குடலின் முன்பகுதியில் அது 10-ஐத் தாண்டும். மக்கிய இலைகளில் இருக்கும் சத்தைப் பிரித்தெடுக்க இந்தக் காரத்தன்மை புழுவுக்கு உதவுகிறது என்று கருதுகிறார்கள். அதைப் பிழைக்க வைத்த குடலே அதற்கு வினையாகிறது.

காரத்தில் படிகம் கரைகிறது. பிறகு புழுவின் செரிமான நொதிகள் வருகின்றன. புரதத்தை வெட்டிச் செரிப்பது அவற்றின் வேலை. வந்த புரதத்தையும் வெட்டுகின்றன. ஆனால் முழுவதும் வெட்ட முடிவதில்லை. ஓரங்களை வெட்டி எறிந்ததும் நடுவில் மிஞ்சுகிற துண்டுதான் ஆபத்தானது. அதுவரை சும்மா கிடந்த புரதத்தைப் புழுவே தன் நொதியால் கூர்தீட்டி விடுகிறது.

அந்தத் துண்டை ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடலின் உட்சுவரில் வரிசையாகச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்வின் மேல் சில மூலக்கூறுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் பூட்டுகள். சாவி தனக்குப் பொருந்தும் பூட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. சாவிகள் பல சேர்ந்து சவ்வில் ஓட்டை போடுகின்றன.

இப்போது ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு முறை அது நமக்குத் தேவைப்படும்: உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். செல்லில் ஓட்டை விழுந்ததும் குடலில் உள்ள உப்புகள் உள்ளே பாய்கின்றன. பின்னாலேயே தண்ணீரும் பாய்கிறது. செல் வீங்கி வெடிக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் குடல் செல்கள் அழிகின்றன. புழு சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடுகிறது.

பட்டினி கிடந்த பாக்டீரியா எதற்காக இவ்வளவு செலவு செய்தது என்று கேட்டோமே? செத்த புழுவின் உடல்தான் அந்த வித்து முளைப்பதற்கான சாப்பாடு!

நாம் விழுங்கினால் என்ன ஆகும்?

நம் இரைப்பையில் இருப்பது அமிலம். அங்கே படிகத்தின் புரதம் கூர்மை பெறுவதில்லை. முட்டைப் புரதத்தைப் போலவே சிதைந்து செரித்துவிடும். தப்பித் தவறி ஏதாவது துண்டு மிஞ்சினாலும், நம் குடல் செல்களின் மேல் அதற்குப் பொருந்தும் பூட்டு இல்லை. மீனுக்கும் தவளைக்கும் மாட்டுக்கும் அப்படித்தான். (அதற்காக யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. மருந்துப் பொடியில் வேறு பொருள்களும் கலந்திருக்கும்.)

ஆக, தின்றது என்ன என்பது பாதி விடைதான். தின்ற குடல் எது என்பது மறுபாதி.

கொசுவின் உறவுக்காரப் பூச்சிகள் சிலவற்றின் குடலிலும் இதே நிலைமை உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கருப்பு ஈக்கள் கடித்து ஒரு புழு நோயைப் பரப்பின. ஏராளமானவர்கள் பார்வை இழந்தார்கள். 1974-ல் அந்த ஈக்களை எதிர்த்துப் பல நாடுகள் சேர்ந்து ஒரு பெரிய திட்டம் தொடங்கின. ரசாயன மருந்துக்கு ஈக்கள் பழகிப்போனபோது கைகொடுத்தவற்றில் பி.டி.ஐ.யும் ஒன்று. ஆற்றில் அதை ஊற்றினார்கள். ஈயின் புழுக்கள் செத்தன. மீன்கள் பிழைத்தன.

கொச்சியில் தோற்ற சாவி

கொசுவைக் கொல்லும் பாக்டீரியா பி.டி.ஐ. மட்டும் இல்லை. பேசில்லஸ் ஸ்பெரிக்கஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அழுக்குச் சாக்கடையில் பி.டி.ஐ.யைவிட நீண்ட நாள் வேலை செய்யும். 1990-களில் கேரளத்தின் கொச்சியில் கியூலெக்ஸ் கொசுவை ஒழிக்க அதைப் பயன்படுத்தினார்கள். முதலில் நன்றாக வேலை செய்தது. பிறகு புழுக்கள் சாக மறுத்தன! மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து, அந்தப் புழுக்கள் மருந்தை வலுவாக எதிர்த்து நிற்கின்றன என்று 1995-ல் எழுதினார்கள்.

காரணம் என்ன? ஸ்பெரிக்கஸின் முக்கிய நச்சில் இரண்டு புரதங்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு சாவி. அந்த ஒரு சாவிக்கு ஒரே ஒரு பூட்டு. கொசுப்புழுவின் குடலில் சர்க்கரையைச் செரிக்க உதவும் ஒரு நொதிதான் அந்தப் பூட்டு. லட்சக்கணக்கான புழுக்களில் பிறவியிலேயே அந்தப் பூட்டு இல்லாத புழு ஒன்றிரண்டு இருந்தால் போதும். மற்றவை சாகும், அவை பிழைக்கும். அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சாக்கடையை நிரப்பிவிடும். இப்படிப் பூட்டை இழந்து தப்பிய கொசுக்களை உலகில் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள்.

பி.டி.ஐ. இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். அதன் படிகத்தில் முக்கியமான புரதங்கள் நான்கு. ஒரு பூட்டு தொலைந்தாலும் மற்றச் சாவிகள் இருக்கும். அதிலும் சிட்1 என்ற புரதம் இன்னும் சாமர்த்தியசாலி. அது நேராகச் செல்லின் சவ்விலேயே பதிந்துகொண்டு, பக்கத்துப் புரதத்துக்குத் தானே பூட்டாக நிற்கும்! அதனால்தான் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகும் பி.டி.ஐ.யை எதிர்த்து நிற்கும் கொசுக்கள் வெளியுலகில் பெரிதாகப் பெருகவில்லை.

நம் குடலின் பூட்டு

கொசுவின் குடலில் பூட்டு இருக்கிறது என்று சிரித்தோம். நம் குடலிலும் பூட்டுகள் உண்டு. அவற்றுக்குச் சாவி வைத்திருக்கும் கிருமிகளும் உண்டு. காலரா கிருமி அப்படிப்பட்டது.

கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற மருத்துவர் இருந்தார். காலரா கிருமியை வளர்த்த திரவத்திலிருந்து கிருமிகளை எல்லாம் வடிகட்டி நீக்கினார். மிச்சமிருந்த தெளிந்த திரவத்தை முயலின் குடலில் விட்டார். கிருமியே இல்லாதபோதும் குடலில் தண்ணீர் பொங்கிச் சேர்ந்தது. கிருமி வெளியே விடும் ஒரு நச்சுதான் இதைச் செய்கிறது என்று 1959-ல் நிரூபித்தார். அந்த நச்சும் ஒரு புரதம்தான். நம் குடல் செல்லில் அதற்குப் பொருந்தும் பூட்டு இருக்கிறது. அது திறந்ததும் செல் தன் உப்பை வெளியே கொட்டுகிறது. விதி நினைவிருக்கிறதா? உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். உடலின் தண்ணீர் குடலுக்கு வந்து வயிற்றுப்போக்காகக் கொட்டுகிறது. ஒரே நாளில் ஆள் வற்றிப்போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

வெறும் தண்ணீர் குடித்தால் போதாதா? போதாது. அதை உடலுக்குள் இழுத்துச் செல்ல உப்பு வேண்டும். குடல் செல்லில் இன்னொரு கதவு இருக்கிறது. சர்க்கரையும் சோடியம் உப்பும் ஒன்றாக வந்தால் இரண்டையும் சேர்த்து உள்ளே விடும். இப்படி ஒரு வழி இருக்க வேண்டும் என்று 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்னார். காலரா நச்சு இந்தக் கதவைத் தொடுவதில்லை! குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் கலந்து கொடுத்தால் இரண்டும் உள்ளே போகும். பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். மூன்றாவது முறையாக அதே விதி. இந்த முறை அது உயிரைக் காக்கிறது.

1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை வாய்வழியே குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளின் உறவினர்களே தம்ளர் தம்ளராகக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை செத்த இடத்தில், கரைசல் கிடைத்தவர்களில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்தக் கரைசலின் வழி வந்ததுதான்.

இப்போது உங்களுக்கே ஒன்று விளங்கும். பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் அளவுக்கே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நர்ஸ் அக்கா ஏன் கண்டிப்பாகச் சொல்கிறார்? பெரிய பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர். ருசிக்காகக் கூடுதலாகச் சர்க்கரை போட்டால், செல்லுக்குள் போக முடியாத மிச்சச் சர்க்கரை குடலில் தங்கித் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு அதிகமாகும். இனிப்புக் குளிர்பானம் இதற்கு ஆகாது என்பதும் அதனால்தான். கரைத்து வைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. கிருமிகளுக்கும் சர்க்கரை பிடிக்கும் அல்லவா!

செய்து பாருங்கள்

மழை விட்ட சில நாள் கழித்து, வீட்டுப் பெரியவர் ஒருவரோடு மொட்டைமாடிக்கோ தோட்டத்துக்கோ போங்கள். பூந்தொட்டித் தட்டு, தேங்காய்த் தொட்டி, பழைய டயர், மூடாத வாளி ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரைப் பாருங்கள். சாக்கடைப் பக்கம் போக வேண்டாம். கையையும் தண்ணீருக்குள் விட வேண்டாம்.

டார்ச் அடித்துப் பாருங்கள். தலைகீழாகச் சாய்ந்து, வால்குழலை மட்டும் நீர்மட்டத்தில் வைத்து மூச்சுவிடும் புழுக்கள் இருந்தால் அவை கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். நீர்மட்டத்தோடு படுத்தவாக்கில் இருந்தால் அனாபிலஸ். உங்கள் கையின் நிழல் தண்ணீர்மேல் விழட்டும். எல்லாம் சட்டென்று அடியில் இறங்கும். மூச்சு முட்டியதும் மேலே வரும். கால்புள்ளி வடிவத்தில் வளைந்து துள்ளுபவை கூட்டுப்புழுக்கள். பார்த்து முடித்ததும் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிடுங்கள். பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். ஏடிஸ் கொசு தன் முட்டைகளைப் பாத்திரச் சுவரில்தான் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை இதைச் செய்தால் உங்கள் வீட்டுக்குப் பி.டி.ஐ.யே தேவைப்படாது.

மூளைக்கு வேலை

1. தண்ணீரில் பி.டி.ஐ. போட்டாயிற்று. புழுக்கள் எல்லாம் செத்தன. கூட்டுப்புழுக்கள் மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தன. இரண்டு நாளில் கொசுவாகிப் பறந்தும் போயின. ஏன்?

2. கொசுவலைக்குள் புகுந்துவிட்ட கொசுவின்மேல் பி.டி.ஐ. பொடியைத் தூவினால் கொசு சாகுமா?

3. ஒரே எண்ணிக்கையில் புழுக்கள், ஒரே அளவு தண்ணீர். ஒரு தொட்டியில் தெளிந்த மழைத்தண்ணீர், இன்னொன்றில் கழிவு கலந்த சாக்கடைத் தண்ணீர். எதற்குக் கூடுதல் பி.டி.ஐ. தேவை?

முதல் கேள்விக்கு விடை: கூட்டுப்புழு எதையும் சாப்பிடாது. சாப்பிடாத உயிரின் குடலுக்குள் படிகம் போக வழியில்லை. இரண்டாம் கேள்விக்கு விடை: சாகாது. உடம்பின்மேல் விழுந்த படிகம் வெறும் தூசுதான்.

மூன்றாவதற்கு விடை சொல்லப்போவதில்லை. ஒரு குறிப்பு மட்டும்: புழுவின் வாய்க்குள் போகும் ஒவ்வொரு விழுங்கிலும் படிகம் எத்தனை பங்கு இருக்கும், மற்றச் சாப்பாடு எத்தனை பங்கு இருக்கும் என்று யோசியுங்கள்.